சர்பத் குடித்தவனுக்குச் சாராயப் படையல்

1

வருடா வருடம் என் அண்ணனுக்கு அரைப் போத்தல் சாராயம் படைத்தார்கள். அவர் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப் போக வேண்டிய இடம். அங்கே செத்தவர்களுக்குத் தெவசம் கொடுக்கும்போது அவர்கள் விரும்பியதை வாழையிலையில் வைப்பது வழக்கம். வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு, குடித்தவருக்குச் சாராயம். ஆசையோடு போன உயிர் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக.

போன வருடத் தெவசத்தை வீடியோவில் காட்டினார்கள். இலங்கையில் பொழுது சாய்கிற நேரம், டொரொண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் காலைத் தேநீர் நேரம். என் மகள் காவியா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினேழு வயது. அண்ணனைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறாள்.

"அந்தப் போத்தல் யாருக்கு அப்பா?"

"பெரியப்பாவுக்கு."

"அவர் குடிப்பாரா?"

"இல்ல."

"அப்ப குடிக்க மாட்டார்னு யாராவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னோம்" என்றேன்.

அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் தேநீரை ஆற வைத்துவிட்டு அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக எனக்கு அடங்காத கோபம் ஒன்று உண்டு. பதுளையிலும் பண்டாரவளையிலும் இருக்கிற நம்மவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் அதை இந்தப் பேப்பரில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

2

இந்த வருடத் தொடக்கத்தில் வேலைத்தலத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என் தாளில் ஈரல் கணக்குச் சரியில்லை என்று டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுக்க வைத்தார். மொழிபெயர்க்கக் காவியாவைக் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்கு ஈரல் என்ற சொல் வரவில்லை. தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டி, "இதுல கொழுப்பு இருக்காம் அப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி சட்டியைக் கழுவிக்கொண்டே, "வாயில மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சேன்" என்றாள்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா முதலில் கேட்டது, வாரத்துக்கு எத்தனை கிளாஸ் மது என்று. ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்த படிவத்தில் சைபர் போட்டிருந்தேன். மறுபடி கேட்டார். இல்லை என்றேன். சனி, ஞாயிறு? இல்லை. கல்யாண வீடுகளில்? இல்லை. தலையாட்டிக்கொண்டே தட்டெழுதினார். பிறகு அந்தத் தாளை எங்கள் கையிலும் கொடுத்தார்கள். பஸ்ஸில் காவியா வாசித்துச் சொன்னாள். 'மது அருந்துவதை மறுக்கிறார்' என்று இருந்ததாம்.

"அருந்துவதில்லைனு போடலையா?"

"மறுக்கிறார்னுதான் போட்டிருக்கு. எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்களாம் அப்பா. கோவிக்காதீங்க."

கோபம் அந்த டாக்டரம்மா மேல் இல்லை. அவர் கேட்டுவிட்டாவது எழுதினார். அடுத்த முறை போனபோது மன்னிப்பும் கேட்டார். என் இரண்டாவது ரத்தத் தாளையும் நான் என்ன சாப்பிடுகிறேன் என்ற பட்டியலையும் வைத்துக்கொண்டு, குடிக்காதவர்களுக்கும் இது நிறைய வருகிறது என்றார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். குளிர்பானம் போடும் ஃபெக்டரி என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

3

என் வேலை இதுதான். சோளத்தில் காய்ச்சிய பாகு டேங்கர் லாரியில் வரும். நான் குழாயைப் பூட்டி அதை உள்ளே இறக்க வேண்டும். இறக்கி முடிந்ததும் தொட்டியைக் கழுவ வேண்டும். லாரியின் தாளில் குளுக்கோஸ்-ஃப்ரக்டோஸ் என்று எழுதியிருக்கும். பதினோரு வருடமாக அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன பொருள் என்று கேட்டதில்லை. நெளிந்த கேன்களைத் தொழிலாளிகள் சும்மா எடுத்துப் போகலாம். நான் தண்ணீர் குடித்த நாளைவிட அதைக் குடித்த நாள்தான் அதிகம். குடலுக்கு நல்லது என்று வீட்டில் பெட்டிப் பழச்சாறும் வாங்கி வைத்துக் குடித்தேன்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

நாம் போடும் சீனி இரண்டு பொருள் சேர்ந்தது. பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். நான் இறக்கும் பாகும் ஏறக்குறைய அதேதான். வயிற்றுக்குள் போனதும் இரண்டாகப் பிரிந்துவிடும். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும். கை, கால், மூளை எல்லாம் எடுக்கும். தோட்டத்தில் அரிசி போடும் நாளில் லயத்தில் வரிசையாக இருக்கும் வீடு ஒவ்வொன்றும் தன் பங்கை வாங்கிப் போகிற மாதிரி. ஃப்ரக்டோஸ் அப்படி இல்லை. அது தேயிலைக் கொழுந்து மாதிரி. எந்த மலையில் பறித்தாலும் போய்ச் சேர்கிற இடம் ஒன்றுதான், ஃபெக்டரி. கொஞ்சத்தைக் குடல் பார்த்துக்கொண்டாலும் மிச்சம் பெரும்பாலும் ஈரலுக்குத்தான் போகிறது.

கொழுந்து அதிகம் விழுகிற மாதங்களில் ஃபெக்டரிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வாட்டுகிற தட்டுகள் நிறைந்துவிடும். மிஞ்சியதைத் தரையில் குவிப்பார்கள். குவித்த கொழுந்து சூடேறிக் கருகிவிடும். ஈரலிலும் அதுதான் நடக்கிறது. போதும் என்று வாசலை மூட ஈரலுக்குத் தெரியாது. வருகிறதை எல்லாம் எடுத்து, மிஞ்சியதைக் கொழுப்பாக்குகிறது. கொஞ்சம் ரத்தத்தில் போகிறது, கொஞ்சம் ஈரலிலேயே படிகிறது. அந்த வேலையில் யூரிக் அமிலம் என்ற கழிவும் கூடுகிறது. என் கால் பெருவிரல் இரண்டு குளிர்காலமாக வீங்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். சிலருக்கு வருடக் கணக்கில் ஈரல் புண்ணாகித் தழும்பாகிக் கல்லாகிவிடும். குடிகாரன் ஈரல் எப்படி ஆகுமோ அப்படியே.

இன்னொன்றும் சொன்னார். சோறு தின்றால் போதும் என்று உடம்பு சொல்லும். ஃப்ரக்டோஸுக்கு அந்தக் குரல் சரியாக எழும்பாது. அதனால்தான் இரண்டு கேன் குடித்த பிறகும் ஒரு தட்டுச் சோறு இறங்குகிறது. முழுப் பழம் தின்றால் பயம் இல்லை. அதில் இருக்கிற அளவு குறைவு, நாரோடு மெதுவாக இறங்குகிறது. ஆறு தோடம்பழத்தைப் பிழிந்து ஒரே மூச்சில் குடிப்பதுதான் ஆபத்து.

அன்று பின்னேரம் காவியா ஒரு வேலை செய்தாள். கேனில் எழுதியிருந்த சீனி அளவை நிறுத்து என் உள்ளங்கையில் கொட்டினாள். நம் லயத்தில் சாயத்தண்ணிக்கு, அந்த வெறும் தேநீருக்கு, சீனி போட்டுக் கலக்க மாட்டோம். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. ஒரு கோப்பை முடிகிற வரைக்கும் அந்தச் சிட்டிகை தாங்கும். எவ்வளவு சீனி என்று நாக்குக்குத் தெரியும். காவியா கொட்டியது குவிந்து விரல் இடுக்கில் வழிந்தது.

"நக்குங்க பார்ப்போம்" என்றாள்.

நான் கையைக் கழுவிவிட்டு அண்ணனை நினைத்தேன்.

4

அண்ணன் பெயர் யோகநாதன். தோட்டத்துப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, பதுளை டவுனில் ஒரு சர்பத் கடையில் வேலைக்குப் போனார். சீனியைப் பெரிய அண்டாவில் காய்ச்சி, சாயமும் வாசனையும் ஊற்றிப் போத்தலில் அடைப்பது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பணிஸ் ரொட்டி, சர்பத் எவ்வளவு வேண்டுமானாலும். முதலாளிக்கு அது கணக்கில்லை. பதினாறு வருடம் அண்ணன் சோற்றுக்குப் பதில் அதைத்தான் குடித்தார். லேபல் கோணலாக ஒட்டிய போத்தல்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். நானும் அதைக் குடித்து வளர்ந்தவன்தான். பிறகு டுபாய், குவைத், சைப்ரஸ் என்று அலைந்தேன். ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரைவிட மலிவாக ஒரு இனிப்புத் தண்ணீர் இருந்தது.

நான் குவைத்திலிருந்து லீவில் வந்த வருடம் அண்ணனுக்கு நாற்பத்தொரு வயது. கண் மஞ்சள். கை கால் குச்சி. வயிறு மட்டும் முன்னால் தள்ளி நின்றது. நான்தான் தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கூட்டிப் போனேன். அண்ணிக்குத் தோட்டத்துப் பதிவில் பேர் இருந்ததால் குடும்பத்துக்கே அங்கேதான் மருந்து. அதைப் பார்த்துக்கொண்டவர் நடேசன், நாங்கள் டிஸ்பென்சர் ஐயா என்போம். அன்று வரிசையில் முப்பது பேராவது நின்றிருப்பார்கள். அவர் அண்ணனின் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"எத்தன வருஷமா ஊத்துற?"

"குடிக்கிறதில்லீங்க ஐயா."

"டேய், ஈரல் அழுகிக் கெடக்கு. தண்ணியடிக்காமலா வந்துச்சு? சர்பத் குடிச்சா வந்துச்சு?"

வரிசை சிரித்தது. கைப்பிள்ளையோடு நின்ற ஒருத்தி கூடச் சிரித்தாள். நான் முன்னால் போய், "ஐயா, எங்கண்ணன் குடிக்க மாட்டாருங்க" என்றேன்.

"நீ கூடவே இருந்து பாத்தியா? குவைத்துல ஒட்டகம் மேய்ச்சவன் நீ. ஒனக்கென்ன தெரியும்?"

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அவர் துண்டு எழுதித் தந்தால்தான் தோட்டத்து வண்டி கிடைக்கும். அவர் எழுதவில்லை. "மொதல்ல குடியை நிப்பாட்டிட்டு வா. ஒரு மாசம் பாக்குறேன். அப்பறம் துண்டு தாரேன்" என்றார். தொடங்காததை அண்ணன் எப்படி நிறுத்துவார்?

அண்ணன் செய்தது இதுதான். தன் கையில் இருப்பது சாராயம் இல்லை என்று எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக, போகிற இடமெல்லாம் ஒரு சர்பத் போத்தலைக் கொண்டுபோனார். சிவப்பு நிறம், வெயிலில் தூரத்திலிருந்தே தெரியும். கோயில் வாசலில் உட்கார்ந்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் குடித்தார். தன்னை நல்லவன் என்று காட்ட, தன்னைக் கொன்றுகொண்டிருந்ததையே கூடுதலாகக் குடித்தார். ஊர் என்ன சொன்னது தெரியுமா? உள்ளே சாராயம் கலந்திருக்கிறான் என்றது.

நான் குவைத்துக்குத் திரும்பிய பிறகு, ஐயா துண்டு தந்தாராம். ஏழு வாரம் கழித்து. ஆஸ்பத்திரியில் நான்கு நாள். கைவிட்டு அனுப்பிய பிறகு லயத்தில் உயிர் போனது.

இறப்புப் பதிவுக்கு ஐயா கொடுத்த கடிதத்தில் காரணம், மது. அந்தக் கடிதத்தைக் கொண்டுதான் பதிவும் எழுதப்பட்டது.

5

அண்ணன் மகள் மாலதிக்கு ஹல்துமுல்லையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் லாரி ஓட்டுபவன், இவளைப் பிடித்திருந்தது. அவன் வீட்டார் தோட்டத்தில் விசாரித்தார்கள். குடித்துச் செத்தவன் வீட்டில் பெண் எடுத்தால் பேரப்பிள்ளையும் குடிப்பான் என்று திரும்பிப் போய்விட்டார்கள். மாலதி இப்போது பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், முப்பத்து நான்கு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள்.

அந்தப் பதிவைத் திருத்த அவள் பதிவாளர் கந்தோருக்கு மூன்று முறை போனாள். காரணத்தை எழுதிக் கொடுத்தவரே தவறு என்று கடிதம் தந்தால்தான் பார்க்கலாம் என்றார்கள். ஐயா ஓய்வு பெற்றுப் பண்டாரவளையில் வீடு கட்டிக் கோயில் தலைவராக இருந்தார். திருவிழாவில் ஒலிபெருக்கியில் குடிக்கு எதிராகப் பேசுகிறவர். மாலதி அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டாள். "எழுதுனது எழுதுனதுதான். போ" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

இதை எல்லாம் நான் போனில் கேட்டுக்கொண்டு தொட்டி கழுவினேன். வேறு என்ன செய்வது?

6

டாக்டரம்மாவிடம் அண்ணன் கதையைச் சொன்னேன். இதனால்தான் செத்தார் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். காவியா மொழிபெயர்க்கத் தயங்கினாள், பிறகு சொன்னாள். டாக்டரம்மா நிறைய நேரம் பேசினார். ஈரல் கெட்டுப்போக வைரஸ் உண்டு, பரம்பரை உண்டு, வேறு நோய்கள் உண்டு. "உங்கள் அண்ணனை நான் பார்க்கவில்லை. பார்க்காத ஆளுக்கு நான் காரணம் எழுத மாட்டேன். குடிக்காதவருக்கும் இப்படி ஆகும். அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்."

பார்க்காததால் எழுத மாட்டேன் என்று சொன்ன ஒருவரை என் வாழ்க்கையில் அன்றுதான் சந்தித்தேன்.

பின்னேரம் அண்ணிக்குப் போன் எடுத்தேன். கொழுந்து, ஃபெக்டரி என்று நான் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்தது.

"தம்பி, அந்தப் பேச்ச நான் நம்பாம இருந்தேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஊரே சொல்லுது. டவுன்ல என்ன செஞ்சாரோன்னு நெனச்சுட்டேன். வருஷா வருஷம் நாந்தான போத்தல் வாங்கியாறேன். அவரு வாயக் கட்டிப் படுத்த பெறகும் நாந்தான் ஊத்திக் குடுத்திருக்கேன்."

"அண்ணி, அழாதீங்க."

"அழல. கோவம் வருது. யார் மேலன்னுதான் தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அப்போதுதான் மாலதி போனை வாங்கி அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"சித்தப்பா, ஒங்களுக்கு விஷயம் தெரியாதா? டிஸ்பென்சருக்கு வயிறு வீங்கிருச்சு. கண்ணு மஞ்ச. ஈரலாம். ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சிருக்காருன்னு பண்டாரவளையே பேசுது. கோயில் தலைவர் வேலையிலருந்தும் எறக்கிட்டாங்க."

"அவரு என்ன சொல்றாராம்?"

"குடிக்கிறதே இல்லங்கறாரு. சத்துக்குன்னு பெட்டிப் பழச்சாறு மட்டுந்தான் குடிப்பாராம், காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. யாரு நம்புறா?"

நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை. அன்று பனி கொட்டியது. பஸ்ஸுக்கு நின்ற அரை மணி நேரமும் எனக்குக் குளிரவில்லை.

7

இந்த வருடத் தெவசம் போன மாதம் முடிந்தது. இருபதாவது. அண்ணி பழக்கத்தில் போத்தலை வாங்கிவிட்டார். இலையில் வைக்க வேண்டாம் என்றேன். சாயத்தண்ணியும், பக்கத்தில் ஒரு சிட்டிகைச் சீனியும் வைத்தார்கள். அண்ணன் காலையில் குடித்தது அதுதான். காவியா அன்று பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாள். முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போத்தல என்ன செய்ய தம்பி?" என்றார் அண்ணி. "ஓடையில ஊத்திரவா?"

"வேண்டாம். அது ஐயாவோடது. அவருதான நமக்கு எழுதிக் குடுத்தது. அவருக்கே குடுத்துருங்க."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் மாலதி அதைக் கொண்டுபோனாள். பேப்பர் சுற்றவில்லை. பண்டாரவளை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனதாகச் சொன்னாள். ஐயா வீட்டு முன்வாசலில் அவரைப் பார்க்க வந்த நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஐயா சாய்வு நாற்காலியில் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு படுத்திருந்தாராம். அவர் பக்கத்தில் இருந்த முக்காலியில், பழச்சாற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில், போத்தலை வைத்தாள்.

"என்ன இது?" என்றாராம்.

"எங்கப்பாவுக்கு வாங்குனது ஐயா. அவரு குடிக்க மாட்டாரு. ஒங்களுக்கு ஒதவும்னு சித்தப்பா குடுக்கச் சொன்னாரு."

ஒருவரும் சிரிக்கவில்லையாம். உட்காரச் சொல்வதற்கு முன் வந்துவிட்டேன் என்றாள் மாலதி. அவள் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டு எத்தனையோ வருடம்.

8

மூன்றாம் நாள் ஐயா எனக்குப் போன் எடுத்தார். என் இலக்கத்தை மாலதியிடம் வாங்கியிருக்கிறார். இந்த முறை டேய் இல்லை.

"தம்பி, சொகமா இருக்கியா?"

"இருக்கேங்க ஐயா. ஈரல்ல கொஞ்சம் கொழுப்பு."

"கேள்விப்பட்டேன். நீ அத நிப்பாட்டிட்டியாமே, கொறஞ்சிருக்காமே."

"ஆமாங்க. இனிப்புத் தண்ணி எல்லாத்தையும் விட்டுட்டேன். நேரத்தோட பாத்தாக் கொறையுமாம். நீங்களும் அந்தப் பெட்டிச் சாற மொதல்ல நிப்பாட்டுங்க. நல்ல டாக்டரப் பாருங்க."

இதை நான் சொன்னேன். ஏழு வாரம் அவரைக் காக்க வைக்கவில்லை. அவர் அண்ணனுக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்ய மாட்டேன். அந்த ஒன்றில் மட்டும்.

"தம்பி, நீ பேப்பருக்கு எல்லாம் எழுதுறவன். இந்த நோய் குடிக்காதவனுக்கும் வரும்னு எழுதுவியா?"

"எழுதுறேங்க ஐயா."

"என் பேரப் போட்டு, நான் குடிக்க மாட்டேன்னு ஒரு வரி. ஊர் வாய மூட. ஒனக்குத் தெரியுந்தான, நான் தொட்டதே இல்லன்னு."

"நான் கூடவே இருந்து பாக்கலீங்களே ஐயா."

அவருக்கு அந்த வாசகம் ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. இருபது வருடத்துக்கு முன் மருந்துச்சாலையில் என்னிடம் சொன்னது. சொன்னவர்களுக்கு மறந்துபோகும்.

"என்ன வேணும் ஒனக்கு?" என்றார்.

"ஒரு கடிதம். அண்ணன் குடிச்சுச் செத்தார்னு நான் பாக்காம எழுதுனேன்னு. கந்தோருக்கு ஒண்ணு, கோயில் பலகையில ஒட்ட ஒண்ணு."

"மொதல்ல நீ எழுது. அப்பறம் நான் பாக்குறேன்."

"நீங்க மொதல்ல எழுதுங்க ஐயா. ஒரு மாசம் பாக்குறேன். அப்பறம் நான் எழுதுறேன்."

ஒரு மாதம் ஆகப் போகிறது. நான் சொன்னபடி நோயைப் பற்றி எழுதிவிட்டேன். குடிக்காதவனுக்கும் ஈரல் கெடும். வாசிக்கிற நீங்கள் சர்பத் போத்தலையும் பெட்டிச் சாற்றையும் கொஞ்சம் யோசித்துத் திறங்கள். என் அண்ணன் யோகநாதன் குடிக்காதவர். நான் அவரோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன், பார்த்தவன், சொல்கிறேன்.

டிஸ்பென்சர் ஐயாவைப் பற்றி என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்: மது அருந்துவதை மறுக்கிறார்.

கடிதம் வந்தால் இதன் கீழே அவருக்காக ஒரு வரி சேர்த்து அனுப்புவதாக மாலதியிடம் சொல்லியிருக்கிறேன். அச்சுக்குப் போகும் நாள் வரைக்கும் இடம் விட்டு வைப்பேன். நீங்கள் வாசிக்கும்போது கீழே ஒன்றும் இல்லையென்றால், கடிதம் வரவில்லை.